'மலை இசை' என்னும் பெயர்: அப்பலாச்சிய விழாக்களின் சொல்லாட்சியும் தமிழ் மொழிபெயர்ப்பும்

0. முன்னுரை

அமெரிக்க ஐக்கிய நாட்டின் கிழக்குப் பகுதியில் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக நீண்டு கிடப்பது அப்பலாச்சிய மலைத்தொடர். இதன் தென்பகுதியில், வடகரோலினா, வர்ஜீனியா, டென்னசி, கென்டக்கி ஆகிய மாநிலங்களின் மலையூர்களில், ஆண்டுதோறும் இசை விழாக்களும் கைவினைச் சந்தைகளும் நடைபெறுகின்றன. பிடில், பான்ஜோ, டல்சிமர் ஆகிய கருவிகளின் வாசிப்பு, கதைப்பாடல், குழு நடனம் ஆகியன ஒருபுறம். மரநாற்காலி, கூடை, மட்பாண்டம், நெய்த விரிப்பு, ஒட்டுத்துணிப் போர்வை ஆகியன மறுபுறம். இவை இரண்டும் சேர்ந்தே 'மலை வாழ்வு' என்ற ஒரு முழுமையாக வருவோர்க்குக் காட்டப்படுகின்றன.

இவ்விழாக்களைப் பற்றிய அறிவிப்புகளிலும் விளக்கக் குறிப்புகளிலும் சில சொற்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன. 'மலை', 'பழைய காலத்து', 'தூய', 'மரபு வழிப்பட்ட', 'கையால் செய்த' என்பன அவற்றுள் முதன்மையானவை. இவை வருணனைச் சொற்கள் போலத் தோன்றுகின்றன. ஆனால் இவற்றின் வழக்காற்று வரலாற்றை நோக்கின், இவை வகைப்படுத்தும் சொற்களாகவே செயற்பட்டுள்ளமை புலனாகும். எவருடைய இசை உள்ளே, எவருடைய இசை வெளியே என்பதை இச்சொற்களே வரையறுத்துள்ளன. இதனை எடுத்துக்காட்டுவது இக்கட்டுரையின் முதல் நோக்கமாகும்.

இரண்டாவது நோக்கம் மொழிபெயர்ப்பைச் சார்ந்தது. மொழிபெயர்ப்புப் பயிற்சி வகுப்பொன்றில் இத்தகைய விழாவைப் பற்றிய ஒரு பக்கக் குறிப்பைத் தமிழாக்கம் செய்யக் கொடுத்திருந்தேன். மாணவர்களுள் பெரும்பாலோர் 'மலை இசை' என்பதைக் 'குறிஞ்சி இசை' என்றே எழுதியிருந்தனர். அத்தொடர் செவிக்கு இனியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது மூலத்தில் உள்ள ஒரு தவற்றை மேலும் உறுதிப்படுத்துகிறது என்பது என் கருத்து. அதற்கான காரணங்கள் கட்டுரையின் பிற்பகுதியில் விளக்கப்படும்.

1. மூன்று விழாக்கள்

விளக்கத்தின் பொருட்டு மூன்று விழாக்களை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, வடகரோலினாவின் ஆஷ்வில் நகரில் 1928-ஆம் ஆண்டு தொடங்கிய மலை நடன, நாட்டார் விழா. இதனைத் தொடங்கியவர் பாஸ்கம் லமார் லன்ஸ்ஃபர்ட் (1882-1973). இவர் வழக்கறிஞர், பான்ஜோ வாசிப்பவர், அதே மலைப்பகுதியிற் பிறந்து வளர்ந்தவர். அந்நகரின் வணிகர் அவை சுற்றுலாவினரை ஈர்ப்பதற்காக நடத்திய மலர் விழாவின் ஒரு பகுதியாகவே இது தோன்றியது. அமெரிக்காவில் மிக நெடுங்காலமாக நடந்துவரும் நாட்டார் விழாக்களுள் இதுவும் ஒன்று.

இரண்டாவது, வர்ஜீனியாவின் ஒயிட் டாப் என்னும் மலையுச்சியில் 1931 முதல் 1939 வரை நடந்த விழா. ஆனபெல் மாரிஸ் புக்கனன், ஜான் பவல், ஜான் பிளேக்மோர் ஆகிய மூவர் இதனை முன்னின்று நடத்தினர். 1933-இல் குடியரசுத் தலைவரின் துணைவியார் எலினார் ரூஸ்வெல்ட் இங்கு வந்தமையால் நாடு முழுவதும் இதன் பெயர் பரவியது.

மூன்றாவது, வர்ஜீனியாவின் கேலக்ஸ் என்னும் சிற்றூரில் 1935-இல் தொடங்கி இன்றளவும் ஆகஸ்டு மாதத்தில் நடந்துவரும் பழம் பிடில் கலைஞர் கூட்டம். உள்ளூர்ச் சங்கமொன்றின் முயற்சியாகத் தொடங்கிய இது, முதன்மையாக ஒரு போட்டியாகும்.

இம்மூன்றும் ஏறத்தாழ ஒரே இசையை அரங்கேற்றியவை. எனினும் 'மலை இசை' என்ற பெயரால் ஒவ்வொன்றும் சுட்டியது வேறு வேறு பொருளாகும். ஆஷ்வில்லில் அப்பெயர் தன் மண்ணின் மக்களைப் பற்றிய இழிவான பேச்சுக்கு மறுமொழியாகவும், அதே வேளையில் சுற்றுலா விளம்பரமாகவும் அமைந்தது. கேலக்ஸில் அது அண்டை அயலார் கூடிப் போட்டியிடும் ஒரு களத்தின் பெயர். ஒயிட் டாப்பில் அது ஓர் இனக் கோட்பாட்டின் பெயராயிற்று. ஜான் பவல் இசையமைப்பாளர் மட்டுமல்லர். ஆங்கிலோ-சாக்சன் இனத் தூய்மையை வலியுறுத்திய சங்கமொன்றை நிறுவியவருள் ஒருவர். வர்ஜீனியா மாநிலத்தின் 1924-ஆம் ஆண்டு இனத் தூய்மைச் சட்டத்திற்காக முனைந்து பாடுபட்டவர். வெள்ளையர்க்கும் பிறர்க்கும் இடையே திருமணத்தைத் தடைசெய்த அச்சட்டத்தின் பிடி 1967-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பினாலேயே நீங்கியது. அவர் நடத்திய விழாவில் கறுப்பினக் கலைஞர்க்கு இடமில்லை. 'தூய மலை இசை' என்ற தொடரில் 'தூய' என்னும் அடை எதனைச் சுட்டிற்று என்பதை இப்பின்புலம் தெளிவாக்கும்.

டேவிட் விஸ்னன்ட் 1983-இல் வெளியிட்ட ஆய்வு நூல் ஒயிட் டாப் விழாவை விரிவாக ஆராய்ந்து, வெளியிலிருந்து வந்த பண்பாட்டுத் தொண்டர்கள் தாம் காண விரும்பிய மலைப் பண்பாட்டையே தேர்ந்தெடுத்து மேடையேற்றினர் என்று நிறுவுகிறது. இத்துறையில் அது ஒரு திருப்புமுனை எனலாம். ஆயினும் அந்நூலின் கவனம் விழாவை நடத்தியோர் மீதே பெரிதும் குவிகிறது. விழா கையாண்ட சொற்களைத் தனித்தனியே எடுத்து அவற்றின் பொருண்மையை ஆராயும் பணி மொழியியலார்க்கு உரியதாக எஞ்சி நிற்கிறது.

2. பேச்சும் இசையும்: ஒரே தொன்மம்

'மலை' என்னும் அடையின் உட்பொருள் தனிமை என்பதாகும். மலைகள் சூழ்ந்தமையால் வெளியுலகத் தொடர்பு அற்று, பிற இடங்களில் மறைந்தவற்றை அம்மக்கள் மாற்றமின்றிக் காத்துவந்தனர் என்பது இதன் கருத்து. கென்டக்கியின் பெரியா கல்லூரித் தலைவராக இருந்த வில்லியம் குடெல் ஃபிராஸ்ட் 1899-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே அம்மக்களைச் 'சமகால மூதாதையர்' எனக் குறித்தார்.

இக்கருத்தின் மொழியியல் வடிவத்தை நாம் நன்கு அறிவோம். அப்பலாச்சிய மலைமக்கள் எலிசபெத் காலத்து ஆங்கிலத்தை, அதாவது ஷேக்ஸ்பியரின் ஆங்கிலத்தை, இன்றும் பேசுகின்றனர் என்ற கூற்று நூறாண்டுகளுக்கு மேலாக வழங்கிவருகிறது. இதற்குச் சான்றாகப் பெரிதும் காட்டப்படுவது வினையெச்ச வடிவின் முன் வரும் 'அ' என்னும் முன்னொட்டு. 'அ-ஹன்டிங்', 'அ-கோயிங்' என்றாற்போல் வருவது. 'ஆன்' என்ற முன்னிடைச்சொல் குறுகி ஒட்டாக மாறியதன் விளைவே இது. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் இது காணப்படுவது உண்மை. ஆனால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வேறு பல வட்டார வழக்குகளிலும் இது இருந்துள்ளது. மேலும், வால்ட் வுல்ஃப்ராம், டோனா கிறிஸ்டியன் ஆகியோர் 1970-களில் மேற்கு வர்ஜீனியாவில் மேற்கொண்ட ஆய்வு, இம்முன்னொட்டு விதிகளுக்கு உட்பட்டு இயங்குவதைக் காட்டியது. அச்சொல் வினையாக நிற்கும்போது இது வரும். பெயராகவோ பெயரடையாகவோ நிற்கும்போது வராது. முதலசை அழுத்தம் பெறாத வினைகளின் முன் வராது. எனவே இது உறைந்துபோன பழமை அன்று. வாழும் இலக்கணத்தின் ஒரு பகுதியாகும்.

மைக்கேல் மான்ட்கோமரியின் ஆய்வுகள் மற்றொன்றையும் தெளிவுபடுத்தின. அப்பலாச்சிய ஆங்கிலத்தின் தனிக்கூறுகள் பலவற்றின் மூலம் லண்டன் அன்று. வட அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியும் ஸ்காட்லாந்துமே ஆகும். இரண்டு துணைவினைகளை அடுக்கி 'மைட் குட்' என்று கூறும் வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சுருங்கக் கூறின், எலிசபெத் காலத்து ஆங்கிலம் என்னும் தொன்மம் மொழியியலாரால் முற்றாக மறுக்கப்பட்ட ஒன்று.

இசையைப் பற்றிய தொன்மமும் இதே வாய்பாட்டில் அமைந்தது. ஆங்கிலேய இசைத் தொகுப்பாளர் செசில் ஷார்ப், 1916 முதல் 1918 வரை மாட் கார்ப்பிலஸுடன் இம்மலைகளில் நடந்து 1,600-க்கும் மேற்பட்ட மெட்டுகளைக் குறித்துக்கொண்டார். இப்பணியின் அருமையை எவரும் மறுக்கவியலாது. எனினும் அவர் தேடிவந்தது இங்கிலாந்தில் மறைந்துகொண்டிருந்த ஆங்கிலப் பாடல்களையே. ஆலிவ் டேம் கேம்ப்பெல்லுடன் சேர்ந்து 1917-இல் அவர் வெளியிட்ட தொகுதியின் தலைப்பு இவற்றை 'ஆங்கில நாட்டார் பாடல்கள்' என்றே சுட்டுகிறது. தேடியவை கிடைத்தன, தேடாதவையான பான்ஜோ மெட்டுகளும் சபைப் பாடல்களும் கறுப்பினத்தாரின் பாடல்களும் பெரும்பாலும் தொகுப்பிற்கு வெளியே நின்றன. தகவலாளரிடம் தாம் எதிர்பார்க்கும் வடிவங்களை மட்டும் கேட்டுப் பதிவு செய்யும் கள ஆய்வாளர் எத்தகைய இலக்கணத்தை எழுதுவார் என்பதை நாம் அறிவோம். இதுவும் அத்தகையதே.

உண்மையில் இம்மலைகள் தனித்துக் கிடந்தவை அல்ல. செரோக்கி மக்கள் இங்கு வாழ்ந்தனர்; 1838-39-இல் அவர்களுட் பெரும்பாலோர் கட்டாயமாக வெளியேற்றப்பட்டனர்; எஞ்சியோரின் வழித்தோன்றல்கள் இன்றும் வடகரோலினாவின் மேற்குப் பகுதியில் வாழ்கின்றனர். பென்சில்வேனியாவிலிருந்து ஜெர்மானியரும் அல்ஸ்டர் மக்களும் பள்ளத்தாக்கு வழியாக வந்து குடியேறினர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர் இங்கும் உழைத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இருப்புப்பாதையும் நிலக்கரிச் சுரங்கமும் மரத்தொழிலும் மேலும் பலரைக் கொணர்ந்தன. மலையின் பெயரே இக்கலப்பிற்குச் சான்று. 'அப்பலாச்சி' என்பது தெற்கே ஃபுளோரிடாவில் வாழ்ந்த ஒரு பழங்குடியின் பெயர். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியாக அது வடக்கே நகர்ந்து, அக்குடியினர் வாழாத மலைகளுக்குப் பெயராயிற்று.

3. 'பழைய காலத்து' என்னும் அடை

விழாக்களில் வழங்கும் மற்றொரு சொல் 'ஓல்ட்-டைம்' என்பது. பெயரடையாக வரும் இச்சொல்லைப் பழமையைக் குறிப்பதாகவே எவரும் கொள்வர். ஆனால் அது ஓர் இசைவகையின் பெயராக நிலைபெற்றது 1920-களில், இசைத்தட்டு நிறுவனங்களின் விற்பனைப் பட்டியல்களில் ஆகும்.

அக்காலத்தில் நிறுவனங்கள் தெற்கத்திய இசைத்தட்டுகளை இரண்டு வரிசைகளாகப் பிரித்தன. கறுப்பினத்தாரின் பாடல்கள் 'இன இசைத்தட்டு' என்ற வரிசையிலும், வெள்ளையரின் நாட்டுப்புற இசை 'பழைய மெட்டுகள்' என்னும் பொருள்பட்ட வரிசைகளிலும் விற்கப்பட்டன. வாங்குவோரின் நிறத்தை எண்ணிச் செய்த இப்பகுப்பு, இசையின் இயல்பைப் பற்றியதன்று. கறுப்பினத்தவர் பிடிலும் பான்ஜோவும் சேர்த்து வாசித்த குழுக்கள் தெற்கெங்கும் இருந்தன. ஆனால் அவை இரு வரிசைகளிலும் பொருந்தாமையால் மிகக் குறைவாகவே பதிவு செய்யப்பட்டன. கார்ல் ஹாக்ஸ்ட்ரம் மில்லர் 2010-இல் வெளியிட்ட நூல் இப்பகுப்பின் வரலாற்றை விரித்துரைக்கிறது. பதிவு செய்யப்படாதது பின்னர் 'இல்லாதது' எனக் கொள்ளப்பட்டது. விழாக்களும் இசைத்தட்டுகளையே சான்றாகக் கொண்டமையால், விற்பனைப் பட்டியல் வரலாறாக மாறிற்று.

லெஸ்லி ரிடில் என்னும் கறுப்பின கிதார் கலைஞரின் செய்தி இங்கு நினைக்கத்தக்கது. புகழ்பெற்ற கார்ட்டர் குடும்பத்தின் ஏ.பி. கார்ட்டர் 1920-களின் இறுதியிலிருந்து பாடல் திரட்டச் சென்ற பயணங்களில் ரிடில் உடன் சென்றார். கார்ட்டர் சொற்களை எழுதிக்கொள்வார். ரிடில் மெட்டுகளை நினைவில் இருத்திக்கொண்டு வந்து குடும்பத்தார்க்கு வாசித்துக் காட்டுவார். அவ்வாறு கிடைத்த பாடல்கள் 'மலைக் குடும்பம்' ஒன்றின் பாடல்களாக உலகெங்கும் பரவின. ரிடிலின் பெயர் நெடுங்காலம் எவர்க்கும் தெரியாமலே இருந்தது.

'ஹில்பில்லி' என்னும் சொல்லின் வரலாறும் இத்துடன் இணைந்தது. மலைவாழ் ஏழை வெள்ளையரை இகழும் சொல்லாக வழங்கிய இது, 1925-இல் ஆல் ஹாப்கின்ஸ் குழுவின் பெயராகி, பின் ஒரு முழு இசைவகையின் பெயராயிற்று. ஆர்ச்சி கிரீன் 1965-இல் எழுதிய கட்டுரை இச்சொல்லின் பயணத்தை ஆராய்கிறது. சொல்லாய்வு இசை வரலாற்றிற்கு எத்துணைப் பயன்படும் என்பதற்கு அது முன்மாதிரி எனலாம்.

1940-களில் பில் மன்றோவின் குழுவிலிருந்து 'புளூகிராஸ்' என்னும் புதிய வகை தோன்றியபின், 'ஓல்ட்-டைம்' மேலும் ஒரு பொருள் மாற்றம் பெற்றது. அதுவரை தனித்து நின்ற சொல், இப்போது ஓர் எதிரிணையின் உறுப்பாயிற்று. 'புளூகிராஸ் அல்லாதது' என்பதே அதன் பொருள். கேலக்ஸ் போட்டியில் இவ்விரு பாணி பான்ஜோ வாசிப்பும் தனித்தனிப் பிரிவுகளாகும். எனவே இன்று ஓர் இளைஞர் சென்ற மாதம் இயற்றிய மெட்டும் 'ஓல்ட்-டைம்' எனப்படலாம். காலத்தைக் குறித்த சொல் பாணியைக் குறிப்பதாக மாறிவிட்டது.

4. கருவிகளும் மெட்டுகளும்

மேடையில் காணும் மூன்று கருவிகளின் பெயர் வரலாறும் கலப்பின் வரலாறே.

பான்ஜோ மேற்கு ஆப்பிரிக்கச் சுரைக்குடுக்கைக் கருவிகளின் வழிவந்தது. செனகாம்பியப் பகுதி ஜோலா மக்களின் 'அகோன்டிங்' இதன் உறவுக் கருவிகளுள் ஒன்று. அடிமைப்பட்ட மக்கள் தாம் அறிந்த கருவியைப் புதிய மண்ணில் மீண்டும் உருவாக்கினர். தாமஸ் ஜெஃபர்சன் தம் வர்ஜீனியாக் குறிப்புகளில் அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததென்றே பதிவு செய்துள்ளார். வெள்ளையர் அதனைக் கற்றுப் பரப்பியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். ஒரு நூற்றாண்டிற்குள் அது வெள்ளை மலைமக்களின் அடையாளச் சின்னமாயிற்று. ஒயிட் டாப்பின் 'தூய' மேடையிலும் பான்ஜோ ஒலித்தது. அக்கருவியை ஆக்கியவர் வழிவந்தோர்க்கு மட்டுமே அங்கு இடமில்லை.

டல்சிமர் என்னும் பெயர் முதலில் சிறு கோல்களால் தட்டி வாசிக்கும் வேறொரு கருவிக்கு உரியது. மலையில் மடிமீது வைத்து மீட்டப்படும் கருவியின் உருவமோ, பென்சில்வேனிய ஜெர்மானியர் கொணர்ந்த 'ஷைட்ஹோல்ட்' என்னும் கருவியுடன் தொடர்புடையது. பெயர் ஓரிடத்தது; பொருள் மற்றோரிடத்தது.

பிடில் என்பதும் வயலின் என்பதும் ஒரே கருவி. ஆங்கிலத்தில் இவ்விரு பெயர்களையும் பிரிப்பது கருவியன்று. வாசிக்கும் இடமும் முறையும் வாசிப்பவரின் சமூக நிலையும் ஆகும்.

மெட்டுகளின் பெயர்களும் இடத்திற்கு இடம் மாறுவன. ஸ்காட்லாந்தின் 'லார்ட் மெக்டொனால்ட்ஸ் ரீல்' என்னும் மெட்டு மலையில் 'லெதர் பிரிட்சஸ்', அதாவது 'தோல் காற்சட்டை', எனப்படுகிறது. பெருமகன் ஒருவரின் பெயர் போய், உழவர் அறிந்த பொருளின் பெயர் வந்தது. ஒரு மெட்டுக்குப் பல பெயரும் பல மெட்டுக்கு ஒரு பெயரும் வழங்குவது பொதுவியல்பு. ஒருபொருட் பன்மொழி, பலபொருள் ஒருமொழி என்று நாம் கூறும் இரண்டும் இங்கு உள.

விழாக்கள் இவற்றைக் காத்ததோடு புதியனவும் படைத்தன. ஆஷ்வில் விழாவின் குழுநடனப் போட்டி, தனித்தனியே ஆடிய பாத நடனத்தையும் சதுர நடனத்தையும் இணைத்து 'குழு கிளாகிங்' என்னும் புதிய வடிவம் உருவாக வழிவகுத்தது. இன்று அது மலையின் தொன்மையான நடனம் என்றே அறிமுகப்படுத்தப்படுகிறது. போட்டிமேடை ஈன்ற வடிவம் அது என்பதைக் கூறுவது அதன் பெருமையைக் குறைப்பதாகாது. வாழும் மரபுகள் யாவும் இவ்வாறே வளர்கின்றன.

5. 'கையால் செய்த' பொருள்கள்

கைவினைச் சந்தையின் சொல்லாட்சியும் இசையினதைப் போன்றதே. 1890-களில் ஆஷ்வில் அருகே சமயத்தொண்டு செய்யவந்த ஃபிரான்சஸ் குட்ரிச் என்னும் அம்மையார்க்கு, அண்டை வீட்டார் கையால் நெய்த பழைய விரிப்பொன்றைப் பரிசளித்தனர். ஆலைத்துணியின் வரவால் வீட்டுநெசவு அருகிப்போயிருந்த காலம் அது. மலைப்பெண்கள் பணம் ஈட்ட வழியாகும் என்றெண்ணி அவர் நெசவை மீட்டெடுத்தார். 'ஆலன்ஸ்டான்ட் குடிசைத்தொழில்' என்ற அவரது முயற்சி 1908-இல் ஆஷ்வில் நகரில் கடையாக வளர்ந்தது. 1930-இல் தென்மலைக் கைவினைஞர் சங்கம் தோன்றியதும் அக்கடை அச்சங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது. சங்கத்தின் சந்தை 1948-இல் டென்னசியின் கேட்லின்பர்க்கில் தொடங்கிற்று. 1925-இல் ஆலிவ் டேம் கேம்ப்பெல் பிராஸ்டவுனில் நிறுவிய மக்கள் பள்ளி டென்மார்க் நாட்டு முன்மாதிரியைப் பின்பற்றியது. அப்பள்ளி வளர்த்த மரச்செதுக்கு வேலையே இன்று அவ்வூரின் அடையாளம்.

ஆக, மலைக் கைவினை என்று காட்டப்படுவதன் ஒரு பகுதி மலையில் என்றும் இருந்தது. ஒரு பகுதி மறைந்து மீட்கப்பட்டது. ஒரு பகுதி புதிதாகக் கற்பிக்கப்பட்டது. 'கையால் செய்த' என்ற ஒரே அடை மூன்றையும் ஒன்றாக்கி, அவற்றின் பின்னிருந்த கூலியையும் சந்தையையும் மறைத்துவிடுகிறது. செய்த கை எவருடையது, அதற்கு என்ன கிடைத்தது என்பன அச்சொல்லில் இல்லை.

செரோக்கிப் பெண்களின் நாணற்கூடை இதற்கு மறுதலையான சான்று. கருவாதுமை வேர் முதலியவற்றால் சாயமேற்றி, இரட்டைப் பின்னலாக முடையப்படும் இக்கூடை அம்மலையின் கைவினைகளுள் மிகப் பழையது. ஆனால் 'மலைமக்கள்' என்னும் சொல் ஐரோப்பியக் குடியேறிகளையே குறித்தமையால், இக்கூடை 'மலைக் கைவினை' எனப்படாமல் 'இந்தியக் கைவினை' எனத் தனியே வைக்கப்பட்டது. செரோக்கிக் கைவினைஞர் 1946-இல் தமக்கெனக் கூட்டுறவு ஒன்றை அமைத்துக்கொண்டனர். மலையில் முதலில் வாழ்ந்தோரின் பொருள் மலையின் பொருளாகக் கருதப்படவில்லை என்பதைக் காட்டிலும் இச்சொல்லின் இயல்பை விளக்கும் சான்று வேண்டியதில்லை.

6. தமிழில் பெயர்க்கும்போது

மேற்கூறியவற்றை மனத்திற்கொண்டு, இத்துறைச் சொற்கள் சிலவற்றின் தமிழாக்கத்தை நோக்குவோம்.

(அ) கன்வென்ஷன். கேலக்ஸ் விழாவின் பெயரில் வரும் இச்சொல்லை 'மாநாடு' எனப் பெயர்ப்பது அகராதிப்படி சரி. ஆனால் தமிழில் மாநாடு என்றதும் தலைமையுரையும் தீர்மானங்களும் நினைவுக்கு வரும். இங்கு நடப்பது பரிசுப் போட்டி. 'பிடில் போட்டி விழா' என்பதே பொருந்தும்.

(ஆ) பிடில். தமிழில் பிடில் என்ற சொல் ஒரு காலத்தில் கருநாடக இசைக் கச்சேரியின் வயலினையே குறித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாலுசாமி தீட்சிதர், வடிவேலு ஆகியோர் வழியாக நம் இசையில் இடம்பெற்ற அக்கருவியைப் பழைய தலைமுறையினர் பிடில் என்றே வழங்கினர். எனவே ஆங்கிலத்தில் உள்ள உயர்வு-தாழ்வு வேறுபாடு தமிழ்ச் சொற்களில் இல்லை. மூலத்தில் அவ்வேறுபாடே பேசுபொருளாக இருப்பின், மொழிபெயர்ப்பாளர் அதனை ஒரு தொடரால் விளக்கியே ஆகவேண்டும்.

(இ) ஃபோக். 'நாட்டுப்புற' என்பது நகரத்திற்கு மாறான இடத்தைக் குறிப்பது. 'நாட்டார்' என்பது மக்களைக் குறிப்பது, ஆயினும் பழைய ஆட்சிப் பிரிவினையும் சில சமூகங்களின் பட்டப்பெயரையும் நினைவூட்டுவது. இவ்விரண்டும் ஆஷ்வில், கேலக்ஸ் விழாக்களுக்கு ஒருவாறு ஏற்கும். ஒயிட் டாப் விழாவிற்கு ஏலா. பவல் இச்சொல்லை ஆண்டது குருதிவழிப்பட்ட ஓர் இனம் என்ற பொருளில். அங்கு 'இனமரபு' எனப் பெயர்ப்பதே மூலத்திற்கு நேர்மையானது. மூலத்தில் ஒரே சொல் வருவதனால் தமிழிலும் ஒரே சொல் வரவேண்டும் என்னும் விதியை இங்குக் கைவிடுதல் வேண்டும்.

(ஈ) ஓல்ட்-டைம். 'தொன்மையான', 'பழமையான' என்பன பிழையானவை. அவை காலத்தைச் சுட்டுகின்றன. 'பழம்பாணி' என்பது பாணியைச் சுட்டும். இன்றைய வழக்கிற்கு அதுவே ஏற்றது. 1920-களின் விற்பனைப் பட்டியலைப் பற்றிப் பேசும்போது மட்டும் 'பழைய மெட்டு' எனலாம்.

(உ) கிராஃப்ட். நம்மிடம் கைத்தொழில், குடிசைத்தொழில், கைவினை, அரசு வழக்கிலுள்ள கைத்திறத் தொழில் எனப் பல சொற்கள் உள்ளன. 'தொழில்' என முடிவன பிழைப்பைச் சுட்டுவன. 'கைவினை' என்பது இன்றைய வழக்கில் அழகுப்பொருளை நோக்கிச் சாய்ந்துவிட்டது. குட்ரிச்சின் முயற்சியைக் 'கைத்தொழில்' என்றும், இன்றைய சந்தையில் விற்கப்படுவதைக் 'கைவினை' என்றும் பெயர்த்தால், மூலத்தில் மறைந்துள்ள வரலாறு தமிழில் வெளிப்படும்.

(ஊ) மலை இசை. இனிக் 'குறிஞ்சி இசை'க்கு வருவோம். இதில் மூன்று இடர்ப்பாடுகள் உள்ளன. முதலாவது, குறிஞ்சி என்பது தமிழிசையில் ஒரு குறிப்பிட்ட பண்ணின் பெயர். கருநாடக இசையில் ஓர் இராகத்தின் பெயர். இரண்டாவது, அது புணர்தலை உரிப்பொருளாகக் கொண்ட ஒரு திணை. இவ்விரண்டும் படிப்போரை வேறிடத்திற்கு இட்டுச்செல்லும். மூன்றாவதே முதன்மையானது. தொல்காப்பியம் கருப்பொருள்களைத் தொகுத்துக் கூறுமிடத்தில் தெய்வம், உணவு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் தொழிலையும் யாழையும் சேர்த்தே கூறுகிறது. நிலமே இசையையும் தொழிலையும் ஈனும் என்னும் எண்ணம் நமக்கு இலக்கணத்தோடு வந்தது. அப்பலாச்சிய விழா கூற விரும்புவதும் இதனையே: மலை ஈன்ற இசை, மலை ஈன்ற கைவினை. எனவே 'குறிஞ்சி' என்ற ஒரு சொல்லால் பெயர்த்தவுடன், வரலாற்றால் மறுக்கப்பட்ட ஒரு கூற்று தமிழ்ப் படிப்போர்க்கு இயற்கையான உண்மையாகத் தோன்றிவிடுகிறது. கருப்பொருள் என்பது செய்யுள் மரபு. மக்கள் வாழ்வின் கணக்கெடுப்பு அன்று.

ஆயினும் அதே தொல்காப்பியம் வேறொன்றையும் கூறுகிறது. உரிப்பொருள் அல்லாதவை திணைகளுக்கிடையே மயங்கலாம் என்பது அதன் விதி. அதாவது ஒரு நிலத்தின் யாழ் மற்றொரு நிலத்தில் ஒலிக்கலாம். ஆப்பிரிக்கக் கருவியும் ஜெர்மானிய உருவமும் ஸ்காட்டிய மெட்டும் ஒரு மலையில் கூடியதைக் குறிக்க நம் மரபில் சொல் தேடின், அது 'குறிஞ்சி' அன்று; 'மயக்கம்' என்பதே. மொழிபெயர்ப்பில் 'மலைப்பகுதி இசை' என்று எளிமையாக எழுதி, முன்னுரையிலோ அடிக்குறிப்பிலோ திணைமயக்கத்தை எடுத்துக்காட்டி விளக்குவது தக்கது.

7. முடிவுரை

இவ்விழாக்களைப் பொய்ம்மை என்று ஒதுக்குவது இக்கட்டுரையின் கருத்தன்று. லன்ஸ்ஃபர்டின் மேடை இல்லையேல் பல மெட்டுகள் மறைந்திருக்கும். கேலக்ஸில் பாட்டனும் பேரனும் ஒரே போட்டியில் வாசிக்கின்றனர். இவை உண்மையான பயன்கள். தவறு இசையில் இல்லை; இசைக்கு இட்ட பெயரை இசையின் வரலாறாக எடுத்துக்கொண்டதில் உள்ளது.

பெயரைத் திருத்தினால் நிகழ்வும் திருந்தும் என்பதற்குச் சான்று உண்டு. 2005-ஆம் ஆண்டு வடகரோலினாவின் பூன் என்னும் மலையூரில் உள்ள பல்கலைக்கழகத்தில் 'கறுப்பின பான்ஜோ' என்னும் பெயரைத் தாங்கி ஒரு கூட்டம் நடந்தது. 'பான்ஜோ' என்பதன் முன் அவ்வடையைச் சேர்த்ததே புதிய கேள்விகளை எழுப்பப் போதுமானதாயிற்று. அங்குக் கூடிய இளைஞர்கள் அதே மாநிலத்தின் முதிய கறுப்பின பிடில் கலைஞர் ஜோ தாம்சனிடம் (1918-2012) நேரில் கற்று, 'கரோலினா சாக்லெட் டிராப்ஸ்' என்னும் குழுவாக உருவாயினர். 2011-இல் அவர்கள் மரபு நாட்டார் இசைக்கான கிராமி விருதைப் பெற்றனர். எண்பது ஆண்டுகளுக்கு முன் இரு வரிசைகளிலும் இடம்பெறாத இசை அது.

எலிசபெத் காலத்து ஆங்கிலம் என்னும் தொன்மத்தை மொழியியலார் மறுத்தபோது அப்பலாச்சியப் பேச்சு மதிப்பிழக்கவில்லை. விதிகளையுடைய வாழும் மொழியாக அறியப்பட்டு மதிப்புயர்ந்தது. இசைக்கும் கைவினைக்கும் இதே நியாயம் பொருந்தும். மொழிபெயர்ப்பாளர் விழா அறிவிப்பின் ஓர் அடையைத் தமிழாக்கும்போதும், எவருடைய பெயர் அதில் விடுபட்டுள்ளது என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுதல் நலம். 'மலை' என்னும் சொல் அவ்விசை ஒலிக்கும் இடத்தைச் சுட்டட்டும். அது பிறந்த குலத்தைச் சுட்ட வேண்டா.